தபால் கந்தோர் முடக்கு மரம்

எங்கள் கம்பஸைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள். அழகு. கண்டிக்குக் கலியாணத்துக்கு வந்தவர்கள், வாவியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், கையோடு இங்கேயும் வந்து மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஏதாவது ஒரு மரத்தடியில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆற்றைச் சொல்வார்கள், மலையைச் சொல்வார்கள், பூவைச் சொல்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இங்கே நான்கு வருடம் படித்தேன், இப்போது இங்கேயே தாவரவியல் படிப்பிக்கிறேன். இந்த இடத்தின் அழகைப் பற்றி யாரும் எனக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு வருடமும் புதிய மாணவர்களை வரவேற்கும் கூட்டத்தில் பல்கலைக்கழகத்தின் வரலாற்றைச் சொல்வார்கள். இடம் தேடினார்கள், இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டார்கள், கல் வந்தது, ஓடு வந்தது, நாட்டின் மூளையெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் இந்தச் சரிவுகளில் தேயிலை இருந்தது என்பதையும் சொல்வார்கள், ஒரே ஒரு வசனத்தில். தேயிலை தன்னைத் தானே கிள்ளிக்கொண்டு தானாகவே ஃபெக்டரிக்கு நடந்து போனதாக நினைக்க வேண்டியதுதான். நான் பின்வரிசைக் கதிரையில் உட்கார்ந்து அந்த வசனத்துக்காகக் காத்திருப்பேன். அது வந்து போனதும் எழுந்து வெளியே போய்விடுவேன். மரியாதை தெரியாதவள் என்று துறையில் எனக்குப் பெயர். இருக்கட்டும்.

என் அம்மா கொழுந்து எடுப்பவர். கம்பளையிலிருந்து மேலே ஏறும் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்தத் தோட்டத்திலிருந்து விஞ்ஞான பீடத்துக்கு வந்த முதல் ஆள் நான். வரும்போதே ஒரு முடிவோடு வந்தேன். முதல் வருடப் பரீட்சை முடிந்ததும் தாவரவியல் சிறப்புப் பட்டத்துக்குப் பத்துப் பேரை மட்டும் எடுப்பார்கள். அந்தப் பத்துக்குள் விழுந்தால் நான்கு வருடப் படிப்பு, ஆராய்ச்சி, பிறகு விரிவுரையாளர் வேலைக்கு ஒரு வழி. விழாவிட்டால் மூன்று வருடப் பொதுப் பட்டம், கையில் ஒரு சான்றிதழ், வீட்டுக்குப் போ. எனக்கு அந்தப் பத்தில் ஒரு இடம் வேண்டும். வேறு எதற்காகவும் நான் இங்கே வரவில்லை, சிநேகிதம் பிடிக்கவும் வரவில்லை.

முதல் வாரமே எங்களைக் கன்டீனில் கூட்டினார்கள். வரவேற்பு என்று அதற்குப் பெயர். தமிழ் பேசுகிற பிள்ளைகள் நாற்பது பேர் இருந்தோம், வடக்கு, கிழக்கு, மலையகம், அக்குறணை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும். முன்னால் இரண்டாம் வருட அக்காமாரும் அண்ணாமாரும். பாவாடை கணுக்கால் வரை இருக்க வேண்டும். தலை இரட்டைப் பின்னல். நூலகத்தின் முன்படியில் கால் வைக்கக் கூடாது, பக்கத்துப் பாதையால் சுற்றித்தான் போக வேண்டும். சீனியரைக் கண்டால் நிலத்தைப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் மேல் ஆளுக்கொரு பட்டப்பெயர். அதைக் 'கார்ட்' என்பார்கள். ஒரு தடவை ஒட்டினால் பட்டம் வாங்கும் நாள் வரை உரியாது. எனக்கு ஒட்டிய கார்ட் 'கூடை'.

அதை ஒட்டியவர் தூரத்து ஆள் இல்லை. எங்கள் ஆள்தான். ஹட்டன் பக்கத்து டவுன் ஒன்றில் கடை வைத்திருந்தவரின் மகள். அவருடைய குடும்பமும் ஒரு காலத்தில் கூடை சுமந்ததுதான். டவுனில் இறங்கி இரண்டு தலைமுறை ஆனதும் தலையில் கயிறு அழுந்திய தழும்பு மறந்து போயிருந்தது. கன்டீன்காரர் பாண் போட்டு வைக்கிற கூடையை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"ஏய் கூடை, இதத் தலையில மாட்டிக்க. கொழுந்து எப்படி எடுக்கிறதுன்னு எல்லாருக்கும் காட்டு பாப்போம்."

"முடியாதுங்க அக்கா."

"ஏன், கம்பஸ் வந்ததும் மறந்துருச்சா?"

"எங்கம்மாதான் எடுப்பாங்க. அதுக்கு அவங்களுக்குச் சம்பளம் இருக்கு. நீங்க என்ன தருவீங்க?"

நான் போய்க் கதிரையில் உட்கார்ந்து, பாதியில் வைத்த வடையைத் தின்று முடித்தேன். வடக்கு அண்ணா ஒருவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார்.

"இவ இண்டையிலயிருந்து அன்டி. ஒருத்தரும் இவவோட கதைக்கப்படாது. கதைச்சா அவைக்கும் இதே கதிதான், விளங்கிச்சோ?"

அன்டி என்றால் பகிடிவதைக்கு எதிரானவர். இங்கே அதைவிடக் கேவலமான வார்த்தை கிடையாது. அன்றைக்குப் பின்னேரமே எங்கள் வருடத்துப் பட்ச் வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்தார்கள். லெக்சரில் நான் இருந்த வரிசையில் யாரும் உட்கார மாட்டார்கள். லெப்பில் இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னால் நான் தனியாக நிற்பேன். புகார் கொடுத்திருக்கலாமே என்று இப்போது புத்தி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தேன். சாட்சி கேட்டார்கள். கன்டீனில் நாற்பது பேர் பார்த்தார்கள், அந்த நாற்பது பேருக்கும் சொல்லி வைத்தாற்போல் அன்று கண்ணில் தூசு.

அந்த ஹட்டன் அக்கா இப்போது எங்கள் நிர்வாகத்தில் ஓர் அதிகாரி. பகிடிவதை ஒழிப்புக் குழுவில் அவரும் ஒருவர். வருடா வருடம் மேடையேறி, புதிய பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்று தழுதழுத்துப் பேசுவார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். என்னைக் கண்டால், "தங்கச்சி, எப்படி இருக்கீங்க?" என்பார். ஒரே வளாகத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறோம். நான் செய்தது பிழை என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவர் வாயிலிருந்து வராதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வரவில்லை. இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று பல நாள் பொருமியிருக்கிறேன்.

யாரும் கதைக்காமல் இருந்தால் என்ன, படிக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் அடி விழுந்தது. பள்ளிக்கூடத்தில் பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே எல்லாம் ஆங்கிலத்தில். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கும். அந்தக் கட்டை அவிழ்ப்பதற்கு கம்பஸில் ஒரு வழி உண்டு, அதன் பெயர் குப்பி. சிங்களத்தில் சிறிய விளக்கைச் சொல்லும் பெயர். பரீட்சைக்கு முன்னால் சனிக்கிழமை பின்னேரங்களில் சீனியர்கள் ஒரு வெற்று வகுப்பறையில் ஜூனியர்களை உட்கார வைத்து, பாடத்தைத் தங்கள் மொழியில் சொல்லிக் கொடுப்பார்கள். தங்களுக்குத் தங்கள் சீனியர்கள் கொடுத்த தாள்களையும் கொடுப்பார்கள். சம்பளம் இல்லை, கைமாறு இல்லை. இந்த இடத்தில் நான் கண்ட நல்ல பழக்கம் அது ஒன்றுதான். அதையும் அவர்கள் கயிறாக்கி வைத்திருந்தார்கள். பகிடிவதைக்குத் தலை குனிந்தவர்களுக்குக் குப்பி. அன்டிக்கு இருட்டு.

என் விடுதி அறையில் இன்னொருத்தி இருந்தாள். அக்குறணைப் பிள்ளை, அதே வகுப்பு, அதே பாடம். அவளுடைய வாப்பாவுக்கு மாத்தளை வீதியில் வன்பொருள் கடை. எனக்குப் படிப்பு ஓர் ஏணி. அவளுக்கு அப்படியில்லை, செடி என்றால் பைத்தியம். சுவரில் முளைத்த பாசியைக்கூடப் பிடுங்கிக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கும் அந்தப் பத்தில் ஓர் இடம் வேண்டும். பன்னச் செடிகளைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்யப் போவதாக முதல் நாளே சொன்னாள்.

அறைக் கதவு சாத்தியிருந்தால் அவள் என்னோடு கதைப்பாள். உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்பத்தில் பாதி எனக்கு. கதவு திறந்தால் நான் யாரோ, அவள் யாரோ. தாழ்வாரத்தில் எதிரெதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

"எனக்கு பயமா ஈக்கி. நீ தைரியசாலி, நான் அப்பிடியில்ல. கோவிச்சிக்காதே," என்பாள்.

"நான் ஏன் கோவிச்சுக்கிறேன்," என்பேன். உள்ளே கொதிக்கும். வெளிப்படையாக வெறுத்தவர்களை என்னால் பொறுக்க முடிந்தது. கதவுக்குக் கதவு மாறுகிற இந்த அன்புதான் என்னைத் தின்றது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் எங்களை ஹந்தானை மலைக்குச் செடி மாதிரிகள் சேகரிக்க அழைத்துப் போனார்கள். ஓர் ஓடையைக் கடக்கும்போது பாசிக் கல்லில் சறுக்கி முழங்கால் உடைய விழுந்தேன். சேறு முகமெல்லாம். "கூடை கவுந்துருச்சு," என்று ஒருவன் சொன்னான். பட்ச் முழுக்கச் சிரித்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பயத்தில் சிரித்திருப்பாள், மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் இருப்பதும் ஒரு குற்றம் என்பதால் சிரித்திருப்பாள். அதெல்லாம் இப்போது யோசிப்பது. அன்று நான் கண்டது அவளுடைய பற்களை.

மறுநாள் அறைக்குள் பிளாஸ்டரும் மருந்தும் கொண்டுவந்தாள். கூடவே, சட்டைக்குள் மறைத்து, நான்கு தாள்கள். குப்பித் தாள்கள்.

"ரெண்டு நாள் வெச்சிரு. பாத்திட்டுத் தா. ஆரும் கண்டா என்னையும் அன்டியாக்கிப் போடுவாங்க. நேத்து நான் சிரிச்சது பிழை. எனக்கு ராவெல்லாம் ஒரு மாதிரி ஈந்திச்சி."

பார்த்தீர்களா, அவள் சொல்லிவிட்டாள். அடுத்த நாளே. பிழை என்று. நான் தாள்களை வாங்கிக்கொண்டேன்.

அவை மரப் பரீட்சைக்கான தாள்கள். கம்பஸ் மரங்களில் பதினைந்துக்கு இலக்கத் தகடு கட்டுவார்கள். நாங்கள் கையில் கொப்பியோடு ஒவ்வொரு மரமாகப் போய் நின்று, பெயர் என்ன, குடும்பம் எது, எதை வைத்துச் சொல்கிறாய் என்று எழுத வேண்டும். ஒரு மரத்தில் மட்டும் நீண்ட கேள்வி. கிளையை வரைந்து முழு விவரமும் எழுத வேண்டும். செய்முறைப் புள்ளியில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மரத்துக்கு.

குப்பித் தாளில் ஒரு வரைபடம் இருந்தது. நூலகப் படிக்கட்டு, நா மரம். விளையாட்டுத் திடல் சரிவு, மழை மரம். தபால் கந்தோருக்குப் பக்கத்தில் பாதை வளைகிற முடக்கு, மேமாரா. இப்படி ஐம்பது மரங்கள். பட்ச் பட்சாகக் கைமாறி, ஃபோட்டோகொப்பி மேல் ஃபோட்டோகொப்பி எடுத்து, எழுத்தெல்லாம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. எங்கள் பிள்ளைகள் மரத்தைப் படிக்கவில்லை, மரம் நிற்கிற இடத்தைப் படித்தார்கள். இந்த முடக்கில் நின்றால் இந்தப் பெயர், அந்தப் படியில் நின்றால் அந்தப் பெயர். அண்ணாந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மரம் எங்கே போய்விடப் போகிறது?

எனக்கு அந்த வசதி இருக்கவில்லை. இரண்டு மாதமாக நூலகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றைச் சுமந்துகொண்டு, விளங்காத ஆங்கிலத்துக்கு அகராதியும் சுமந்துகொண்டு, மரம் மரமாக இலையைப் பிடித்துப் பார்த்துத் திரிந்தேன். செவ்வாய்க்கிழமை லெக்சர் முடிந்து, அவளுடைய தாளோடு ஒரு சுற்று வந்தேன். நாற்பத்தொன்பது மரங்கள் சரியாக இருந்தன. தபால் கந்தோர் முடக்கில் நின்றுவிட்டேன்.

மேமாரா என்பது மே மாதத்தில் சிவப்பாகப் பூக்கிற மரம், அவரைக் குடும்பம். இலை இறகு இறகாக இருக்கும். முடக்கில் நின்றதும் இறகிலைதான். பூவில்லை, இளமரம். ஆனால் மேமாராவுக்குக் கிளையில் ஓர் இலை இந்தப் பக்கம் வந்தால் அடுத்தது சற்று மேலே அந்தப் பக்கம் வரும். இதில் இரண்டு இலைகள் ஒரே கணுவில் எதிரெதிரே நின்றன. கிளைக்குக் கிளை இழுத்துப் பார்த்தேன். எல்லாமே எதிரெதிர். புத்தகத்தைப் புரட்டினேன். இது ஜக்கரண்டா. ஊதாவாகப் பூக்கும், வேறு குடும்பம். தபால் கந்தோர்க் காவலாளியிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். முன்பு இதே இடத்தில் பெரிய மேமாரா ஒன்று நின்றதாம். ஒரு மழைக்கு வேரோடு விழுந்ததாம். அதே குழியில்தான் இதை நட்டார்களாம். மரம் மாறி நாலைந்து வருடம். தாள் மாறவில்லை.

அங்கேயே, அவளுடைய தாளின் ஓரத்தில், பென்சிலால் எழுதினேன். 'எதிரிலை. மேமாரா இல்லை, ஜக்கரண்டா.' அவளுக்காகத்தான் எழுதினேன். இதை யாராவது நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

வியாழக்கிழமை காலை தாள்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் குளிக்கப் போயிருந்தாள். முழங்கால் காயம் பாவாடையில் உரசி எரிந்தது. தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பற்கள் ஞாபகம் வந்தன. கூடை கவுந்துருச்சு என்ற குரல் ஞாபகம் வந்தது. பிறகு அழிறப்பரை எடுத்து, எழுதியதை அழித்தேன். தூளை ஊதிவிட்டு, தாள்களை அவளுடைய தலையணையின் கீழ் வைத்தேன்.

அவளுக்குச் சொன்னால் நாற்பது பேருக்கும் போய்விடும், அந்த நாற்பது பேரும் ஒரு தடவையாவது விழ வேண்டும், அதனால்தான் அழித்தேன் என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். வெளியே சொல்லாதே என்று நான் சொல்லியிருந்தால் அவள் சொல்லியிருக்கவே மாட்டாள். அந்தக் கதவுக்குள் கதைத்த ஒரு சொல்லைக்கூட வெளியே விடாதவள் அவள். அவளும் விழ வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் விஷயம்.

பரீட்சையன்று நீண்ட கேள்வித் தகடு தபால் கந்தோர் முடக்கு மரத்தில் தொங்கியது. நான் எழுதி முடித்து அடுத்த மரத்தில் நிற்கும்போது அவளுடைய முறை வந்தது. அவள் மட்டும் அண்ணாந்து இலையைப் பார்த்தாள். செடிப் பைத்தியம் அல்லவா, கை தானாகவே கிளையைத் தேடிப் போனது. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தபால் கந்தோர்ச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். இடம் சரிதான் என்று பட்டிருக்கும். குனிந்து எழுதத் தொடங்கினாள். நான் என் மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கிழமை விரிவுரையாளர் வகுப்புக்குக் கோபத்தோடு வந்தார். தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள் எல்லோரிடமும் அதே தாள்தான் இருந்திருக்கிறது. வகுப்பே மேமாரா எழுதியிருந்தது. மரத்தில் இல்லாத பூவையும் காயையும்கூட வரைந்திருந்தார்கள். இத்தனை பேர் மரத்துக்குக் கீழே நின்றீர்கள், மரத்தைப் பார்த்தது ஒரே ஓர் ஆள் என்று சொல்லி, என்னை எழும்பி நிற்கச் சொன்னார். எழும்பினேன். அந்த வகுப்பில் அத்தனை முகங்களும் முதல் தடவையாக என் பக்கம் திரும்பின. சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன, என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷம் இல்லை. அவள் மூன்றாம் வரிசையில் கொப்பியைப் பார்த்தபடி இருந்தாள்.

பெறுபேறு ஒட்டினார்கள். பத்துப் பேரில் கடைசிப் பெயர் என்னுடையது. அவளுடைய பெயர் அதற்கு அடுத்தது, கோட்டுக்குக் கீழே. மயிரிழையில் போயிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னேரம் நான் கன்டீன் வாசலில் தனியாக நிற்கும்போது அவள் வந்தாள். பட்ச் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தாள்.

"நல்லா செஞ்சீக்கிறாய்," என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

கதவுக்கு வெளியே அவள் என்னோடு கதைத்த முதல் தடவை அது. தோற்ற பிறகு பயம் போய்விட்டது என்று நினைத்தேன். என் கையை விடாமல் கொஞ்ச நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நன்றி என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவளும் அன்டிதான். விடுதி முடியும் மட்டும் அறைக்குள்ளும் அதிகம் கதைக்கவில்லை, பரீட்சைக் கவலை என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வருடத்தில் பொதுப் பட்டத்தோடு போனாள். அக்குறணையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பெருநாளைக்கு வட்ஸ்அப்பில் பிறைப் படம் அனுப்புவேன். அவளும் தீபாவளிக்கு விளக்குப் படம் அனுப்புவாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

அந்த மரம் இப்போது பூக்கிறது. ஊதாப் பூ பாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். கலியாண ஜோடிகளுக்கு அந்த முடக்குத்தான் முதல் தெரிவு. மரப் பரீட்சை இப்போது என் பொறுப்பு. அந்த மரத்தில் மட்டும் நான் ஒரு வருடமும் தகடு கட்டியதில்லை. ஏன் என்று உதவி விரிவுரையாளர்கள் கேட்டால், பூத்த மரத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எரிந்து விழுவேன்.

போன வருடம் பூக்காலத்தில், பாடசாலைப் பிள்ளைகள் ஒரு பஸ் வருகிறார்கள், மரங்களைக் காட்டிவிடுங்கள் என்று துறையில் சொன்னார்கள். இந்த வேலையெல்லாம் என் தலையில்தான் கட்டுவார்கள். முணுமுணுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸிலிருந்து முதலில் அவள் இறங்கினாள். கொஞ்சம் தடித்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். சலாம் சொல்வது போலத் தலையசைத்தாள். நானும் அசைத்தேன். பின்னால் நாற்பது பெண் பிள்ளைகள், வெள்ளைப் பர்தாவில்.

சுற்றிக் காட்டினேன். தபால் கந்தோர் முடக்கை விட்டுவிட்டு வேறு பாதையால் திருப்பப் பார்த்தேன். பிள்ளைகள் பூவைக் கண்டு ஓடிவிட்டார்கள்.

"இலைய பாருங்க. பூவ பாக்காதீங்க, எடத்த பாக்காதீங்க. இலை கணுவுல எப்பிடி நிக்கிண்டு வரைங்க," என்றாள் அவள் பிள்ளைகளிடம்.

எல்லோரும் புல்லில் உட்கார்ந்து வரைந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று இலையை மாற்றி மாற்றி வரைந்துவிட்டு, பிழையைக் கண்டு, அழிறப்பரால் உரசத் தொடங்கியது. அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அழிக்காதீங்க மகள். பிழையெண்டா ஒரு கோடு போட்டுட்டு பக்கத்துல சரியானத வரைங்க. அழிச்சா எழுதினது போகும், எழுதின தடம் போகாது."

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"ரிசல்ட்ஸ் ஒட்டின அண்டைக்கி. கோவத்துல அந்தத் தாள கிழிக்கப் போனேன். ஜன்னல் வெளிச்சத்துல சரிச்சுப் புடிச்சா, எதிரிலைண்டு ஈக்கி. ஒன்ட கையெழுத்து."

"அன்னைக்குத்தானே வந்து கையப் பிடிச்ச."

"ஓம். அதப் பாத்திட்டுத்தான் வந்தேன். நீ செல்லுவாய்ண்டு நெனச்சேன். அதுக்குப் பொறகும் ஒரு வருஷம் ஒரே ரூம்ல ஈந்தோம். செல்லுவாய் செல்லுவாய்ண்டு பாத்துக்கிட்டே ஈந்தேன்."

என் முழங்கால் காயம், அவளுடைய சிரிப்பு, பாண் கூடை, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு வழக்காடலாம் என்று பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவளாவது அடுத்த நாளே பிழை என்று சொன்னவள்.

"நான் செஞ்சது பிழை. மன்னிச்சிரு," என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி ஷோலின் நுனியால் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். பிறகு கைதட்டிப் பிள்ளைகளை எழுப்பினாள்.

"நேரமாகிட்டு, பஸ்ஸுக்கு வாங்க. அதுக்கு முந்தி எல்லாரும் மெடத்துக்கு நன்றி செல்லுங்க. மரத்த எப்பிடிப் பாக்கணும்ண்டு படிச்சித் தந்தாங்க."

நாற்பது பிள்ளைகளும் வரிசையாக நின்று, ஒரே குரலில் எனக்கு நன்றி சொன்னார்கள். அவள் அந்த வரிசையின் கடைசியில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.